நவம்பர் நிலாவுக்குப் பிறகு

தபால்காரர் ஜார்லத் வண்டியிலிருந்து இறங்காமலே கடிதத்தை நீட்டுகிறவர். அன்று இறங்கினார். கையில் கடிதம் எதுவும் இல்லை.

எய்லிஷ் முற்றத்துக் குழாயடியில் ஆட்டுத் தீனி வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒரு ஈரம் காலையிலிருந்தே ஏரிப் பக்கமிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. லீட்ரிம் வட்டாரத்தில் நவம்பர் மாதம் முழுக்க அப்படித்தான்.

"டீ இருக்கா?" என்றார் ஜார்லத்.

"சேதி இருக்கா?"

"இருக்கு. முதல்ல டீ."

சமையலறையில் அவள் கணவன் ஃபெர்கல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அதன் காலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் மாலக்கி உட்காரும் நாற்காலி. பன்னிரண்டு வருடமாக யாரும் உட்காராமல் அதன்மேல் பழைய செய்தித்தாள்கள்தான் உட்கார்ந்திருந்தன. ஜார்லத்தைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்தான். பசை டப்பாவின் மூடியைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தான்.

ஜார்லத் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். 

"உன் அண்ணனப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்கன்னு தம்பி கூப்பிடுறான், கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் ஞாயிறுன்னு சொன்னேன். என்ன சாப்பாடுன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?" என்றாள் எய்லிஷ்.

"கோழியா இருக்கும்னேன். கோழி தின்ன ஏரியச் சுத்தி எதுக்கு வரணும், என் வாசல்லயே கோழி நடக்குதேன்னான்."

ஃபெர்கல் மூடியைக் கண்டுபிடித்து டப்பாவை மூடினான். "அப்புறம்?"

"அப்புறம் டிராக்டர் டயர ஒரு உதை உதைச்சான். பொறவு சொன்னான், அப்பா இருந்தப்ப அந்த ஞாயித்துக்கு ரொட்டி மேல காட்டு உள்ளான் பறவ வெப்பாங்க, அது இருந்தா வர்றேன்னு. அதுவும் உங்க வீட்டுக் காட்டுல நீ சுட்டதா இருக்கணுமாம். எவனோ சுட்டுக் குடுத்தது வேணாமாம்."

"அவ்வளவுதானே," என்றான் ஃபெர்கல். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. எய்லிஷ் அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஜார்லத் போன பிறகு அவள் கோப்பைகளைக் கழுவினாள். ஜன்னல் வழியாகக் காடு தெரிந்தது. பெரிய காடு இல்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் பிர்ச், ஹேசல், ஹாலி மரங்கள், அடியில் சதசதவென்று ஊற்று நிலம். இந்தக் காட்டுக்காகத்தான் அண்ணனும் தம்பியும் பேசாமல் போனார்கள். மாலக்கி இங்கிலாந்தில் கட்டட வேலையில் இருந்தபோது அப்பா இறந்தார். கூடவே இருந்த இளையவனுக்கு வீடும் காடும், மூத்தவனுக்கு ஏரிக்கு அந்தப்புறம் கோரை முளைத்த மேய்ச்சல் நிலம் என்று எழுதி வைத்திருந்தார். மாலக்கி திரும்பி வந்தான், பார்த்தான், தன் பங்கு முழுக்க ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்று நட்டுவிட்டான். இப்போது அது வளர்ந்து, பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக, ஒரு புல் முளைக்காமல் நிற்கிறது. கன்றாக இருந்த காலத்தில் அங்கே உள்ளான்கள் இறங்கின. இப்போது ஒன்றும் இறங்குவதில்லை.

போன வசந்தத்தில் மாலக்கியின் மனைவி இறந்தாள். சவப்பெட்டியைத் தூக்க ஒரு தோள் குறைந்தபோது ஃபெர்கல் போய் நின்றான்.  அதற்குப் பிறகு பூசை முடிந்து வெளியே வரும்போது மாலக்கி அவனைப் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்தான்.

"அவ்வளவுதானா?" என்றாள் எய்லிஷ்.

"என்ன?"

"ஜூன்ல எத்தன சாயங்காலம் அந்தச் சுவரோரமா நின்னே? ஒத்தப் பறவதானே போச்சு."

ஃபெர்கல் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, கையால் அழுத்திப் பார்த்தான். "அது நம்ம பறவ. நான் சுடப்போறது வெளியூர்ப் பறவய. நிலா வரட்டும்."

இங்கே எல்லோருக்கும் இது தெரியும். கோடையில் அந்திநேரம் காட்டின் தலைக்கு மேலே ஆண் உள்ளான் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அடித்தொண்டையில் தவளை மாதிரி ஒரு கரகரப்பு, அதன் முடிவில் மெல்லிய ஒரு கீச்சு. பெண்ணைத் தேடுகிற பறத்தல். எய்லிஷ் கல்யாணமாகி வந்த வருடம் ஒன்று போய் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும், வானத்தில் நெரிசலாக இருக்கும். அவை இங்கேயே முட்டையிட்டு இங்கேயே இருக்கிறவை. குளிர்காலத்தில் வருகிறவை வேறு. ரஷ்யாவிலும் பின்லாந்திலும் மண் உறைந்ததும் கூட்டங்கூட்டமாக மேற்கே கிளம்பி, நவம்பர் பௌர்ணமி வெளிச்சத்தில் வந்து இறங்கும். நிலாவுக்கு முன் காட்டுக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்பது ஃபெர்கலின் அப்பா வைத்த சட்டம். அதுவரை எழும்புவது வீட்டுப் பறவை. நிலாவுக்குப் பிறகு எழும்புவது விருந்தாளி. அந்த வீட்டில் யாரும் இதுவரை அதை மீறியதில்லை.

நிலா வந்தது. வானம் இரண்டு நாள் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காற்று கிழக்கிலிருந்து அடித்தது, காதோரம் சுரீரென்றது.

"வந்திருக்கும்," என்றான் ஃபெர்கல். ஆனாலும் உடனே போகவில்லை. இன்னும் சில நாள் விட்டான். வந்த களைப்பில் கிடக்கிறதைச் சுடக் கூடாது, நாலு புழு தின்னட்டும் என்றான்.

"தின்னுட்டு கொழுக்கட்டும்னு சொல்லு," என்றாள் எய்லிஷ்.

"அதுவுந்தான்."

அவர்கள் காட்டுக்குப் போன அன்று புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. டெஸ் முன்னால் ஓடியது. பழுப்பு வெள்ளை ஸ்பானியல் நாய், வயசாகி முகவாய் நரைத்துவிட்டது, காட்டைப் பார்த்ததும் குட்டியாகிவிடும். எய்லிஷ் கையில் ஒரு ஹேசல் கம்போடு ஹாலிப் புதர்களைத் தட்டிக்கொண்டு மேலேயிருந்து இறங்கினாள். ஃபெர்கல் கீழே சுவரோரமாக நடந்தான். முன்பு இந்த வேலைக்கு நாலைந்து பேர் வருவார்கள். இப்போது அவள் மட்டும். ஹாலி முள் சட்டைக்கைக்குள் புகுந்து கீறியது. காலடியில் மேலே மொறுமொறுப்பு, உள்ளே சேறு.

முதல் பறவை அவள் காலருகிலிருந்தே எழும்பியது. தரையில் கிடந்த சருகுகளே ஒன்றுசேர்ந்து எழுந்த மாதிரி இருந்தது. மரங்களுக்கிடையில் வளைந்து வளைந்து போயிற்று. சுவரோரம் ஒரு வெடி.

ஒரு மணிநேரத்துக்குள் மூன்று விழுந்தன. நாலாவது நேராக ஃபெர்கலின் தலைக்கு மேலேயே போனது. அவன் துப்பாக்கியைத் தூக்கவில்லை. அதற்கடுத்தது ஒன்று போனபோது குழலைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டான்.

"ஆளுக்கு ஒண்ணு. போதும்."

டெஸ் கடைசிப் பறவையைக் கவ்விவந்து எய்லிஷின் கையில் வைத்தது. உடம்பு இன்னும் சூடு. நெற்றியிலிருந்து பின்னால் தள்ளி, மண்டையின் இருபுறமும் பெரிய கறுப்புக் கண்கள். பின்னால் வருகிறவனையும் பார்க்கிற கண்கள். முதுகில் காய்ந்த இலையின் எல்லா நிறங்களும் இருந்தன. தொடைவரை இறகு மூடியிருந்தது. அவள் அதை மார்போடு வைத்து இறகை நீவிவிட்டாள்.

"இது வந்ததுதான்னு எப்பிடித் தெரியும்?"

"நிலா போயாச்சுல்ல."

"பறவைக்குத் தெரியுமா?"

ஃபெர்கல் சிரித்தான். "பறவைக்குத் தெரியாட்டி என்ன, எங்கப்பாவுக்குத் தெரியும்."

திரும்பும் வழியில் அவன் வழக்கமில்லாமல் பேசிக்கொண்டே வந்தான். சாப்பிட்டு முடித்ததும் மாலக்கியிடம் சொல்லப்போகிறான். இனி குளிர்காலத்துக்குக் காடு இரண்டு பேருக்கும் பொது. இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள், சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் போன மாதிரி. பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் காட்டில் வேட்டையைக் கொடுக்கலாம்.

"அவன் என்னைவிட நல்லாச் சுடுவான். அதான் ஒரே கஷ்டம்," என்றான்.

மூன்றையும் பின்கட்டில், காற்றோட்டமான இடத்தில், கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். குடலை எடுப்பதில்லை. இந்தப் பறவை எழும்பும்போதே வயிற்றைக் காலிசெய்துவிடும் என்பார்கள். உள்ளே இருப்பதை அப்படியே வேகவைத்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதுதான் ருசி. இரண்டு மூன்று நாள் தொங்கினால் இன்னும் ருசி.

சனிக்கிழமை மதியம் எய்லிஷ் மடியில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு இறகு பிடுங்க உட்கார்ந்தாள். அடுப்பில் சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகள் மெதுவாகப் புகைந்தன. உள்ளானின் தோல் மெலிசு, இழுத்தால் கிழிந்துவிடும். கொஞ்சங்கொஞ்சமாகப் பிடுங்க வேண்டும். முதல் பறவை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதன் மார்பை முடித்துத் தொடைக்கு வந்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஈயக் குண்டு என்று நினைத்தாள். இறகை விலக்கினாள்.

கால் மூட்டுக்கு மேலே, தொடை இறகுக்குள், மஞ்சளாக ஒரு வளையம்.

அவள் கை அங்கேயே நின்றது.

போன வருட ஜூனில் கீவா என்று ஒரு பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிற பெண். தன் நாயோடு காட்டுக்குள் போய், ஊற்றோரம் ஃபெர்ன் செடிக்குள் உள்ளான் குஞ்சுகளைக் கண்டுபிடித்துவிட்டு, உதவிக்கு எய்லிஷைக் கூப்பிட்டாள். எய்லிஷ் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக்கொண்டாள். வறுத்த கொட்டை நிறம். அலகு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் நீளம். கீவா அதன் காலில் வளையம் பூட்டினாள்.

"மஞ்சள் எதுக்கு?"

"இந்தக் காட்டுக்கு மஞ்சள், அக்கா. வேற எந்தக் காட்டுக்கும் மஞ்சள் போடல. பாத்தா நம்ம வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கலாம்."

எய்லிஷ் காலை மூட்டோடு வெட்டி, வளையத்தை உருவி எடுத்தாள். ஒரு மோதிரம்கூட இல்லை, அத்தனை சின்னது. அடுப்புக் கதவைத் திறந்தாள். பீட் சிவந்து கிடந்தது. உள்ளே போட்டால் ஒரு நொடி. யாருக்கும் தெரியாது. நாளைக்கு மாலக்கி வருவான், சாப்பிடுவான், காட்டை வாங்கிக்கொள்வான், இந்த வீட்டில் இரண்டு நாற்காலி மூன்று நாற்காலி ஆகும். சொன்னால் ஃபெர்கலால் காட்டைக் கொடுக்க முடியாது. அவனைத் தெரியும். அந்த ஒற்றைப் பறவைக்காக ஜூன் மாதம் முழுக்கக் கொசுக்கடியில் நின்றவன்.

கதவை மூடினாள். வளையத்தைக் கவுனின் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மூன்று பறவைகளின் தலையையும் உரித்து, கண்ணை எடுத்து, நீண்ட அலகைத் திருப்பித் தொடை வழியாகக் குத்திக் கட்டினாள். மூன்றாவதை எது என்று மறக்காமலிருக்க, கட்டின நூலில் ஒரு முடிச்சு அதிகம் போட்டாள்.

மாலக்கி பூசை முடிந்து நேராக வந்தான். நல்ல கோட்டு, ஷேவ் செய்த இடத்தில் கீறல், கையில் ஒரு பாட்டில் விஸ்கி. வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்க," என்றாள் எய்லிஷ்.

"காலெல்லாம் சேறும்மா."

"இந்த வீடு சேறு பாக்காத வீடா?"

டெஸ் வந்து முகர்ந்தது. மாலக்கி குனிந்து அதன் காதைப் பிடித்துப் பார்த்தான். "இதா உன் நாய்? அப்பா வெச்சிருந்ததுல பாதிகூட இல்லயேடா."

"அப்பா வெச்சிருந்தது உன்னக் கடிச்சுதே," என்றான் ஃபெர்கல்.

"அதான் சொல்றேன். நல்ல நாய்."

அதோடு லேசாகிவிட்டது. ஆட்டு விலையைப் பேசினார்கள். புதுச் சாமியாரின் பிரசங்க நீளத்தைப் பேசினார்கள். மாலக்கி தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை முன்னும் பின்னும் அசைந்துபார்த்தான், நாற்காலி ஆடவில்லை. எய்லிஷ் பன்றிக்கொழுப்பில் ரொட்டித் துண்டுகளைப் பொரித்தாள். மார்பில் பேக்கன் போர்த்திய பறவைகளை அடுப்பிலிருந்து எடுத்து, உள்ளிருந்ததை வழித்து, விஸ்கி ஒரு சொட்டு விட்டு மசித்து ரொட்டியில் தடவினாள். பறவைகளை மேலே வைத்தாள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். அதிக முடிச்சுப் போட்டதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் எலும்பு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாலக்கி தலையை இரண்டாகப் பிளந்து மூளையை உறிஞ்சினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இதேதான்," என்றான். "நம்ம காட்டு மண்ணு வாசம் இருக்கு."

எய்லிஷ் தன் பறவையைச் சாப்பிட்டாள். ஒரு எலும்பு விடாமல் சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஃபெர்கல் வாயைத் துடைத்துக்கொண்டான். "மாலக்கி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கணும்னு இல்ல, சொல்லணும். இந்தக் காட்டப் பத்தி."

மாலக்கி முள்கரண்டியைக் கீழே வைத்தான். காது சிவந்தது.

"ஃபெர்கல், ஒரு நிமிஷம்," என்றாள் எய்லிஷ். பையிலிருந்து எடுத்து மேசைமேல், உப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?" என்றான் மாலக்கி. "புறாவுக்குப் போடுறதா?"

ஃபெர்கல் பார்த்தான். தொடவில்லை. அவன் முகத்தில் இருந்த துள்ளல் வடிந்துபோவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல இருந்துச்சு?"

"மூணாவதுல. தொடை இறகுக்குள்ள. போன வருஷம் என் கையில இருந்த குஞ்சு."

"நிலா போயாச்சே," என்றான் அவன். யாரிடமும் இல்லை.

மாலக்கிக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. எய்லிஷே சொன்னாள், வளையத்தைப் பற்றி, ஜூன் மாதத்து ஒற்றைப் பறவையைப் பற்றி. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்கக் கழுத்து விறைத்தது.

"அப்போ அப்பா சொன்னது தப்பா?"

"தப்பில்ல," என்றான் ஃபெர்கல். "வெளியூர்ப் பறவ வருது, நெசந்தான். அதுக்காக நம்மது எங்கயும் போயிடலயே. இங்கயேதான் இருக்கு, அதுகளோட கலந்து. அப்பா காலத்துல காடு நெறையப் பறவ இருந்துச்சு, நடுவுல நம்மது ரெண்டு விழுந்தாலும் தெரியாது. இப்போ தெரியுது."

"சரி. அந்தப் பறவ யார் தட்டுல?"

"என் தட்டுல," என்றாள் எய்லிஷ்.

"தின்னியா?"

"தின்னேன். கொன்னாச்சு. குப்பையில போட்டா அதுக்கு நல்லதாயிடுமா?"

மாலக்கி அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தம்பியிடம் திரும்பினான். "சொல்ல வந்தத சொல்லுடா. காட்டப் பத்தி."

ஃபெர்கல் தட்டை ஓரமாகத் தள்ளினான். "காட்ட உனக்கும் பொதுவாக்கிடலாம்னு இருந்தேன். வா, சேந்து சுடலாம்னு. இப்ப முடியாது."

"முடியாதா? பன்னெண்டு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு, தின்ன வெச்சு, காடு உனக்கு இல்லேன்னு சொல்றதுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம்."

"உனக்கு இல்லேன்னு சொல்லல, மாலக்கி. எனக்கும் இல்ல. இனி இதுக்குள்ள துப்பாக்கி போகாது."

மாலக்கி எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். கோட்டை மாட்டிக்கொண்டான். போகிறபோது மேசையிலிருந்த வளையத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். 

"டீ போட்டிருக்கேன்," என்றாள் எய்லிஷ்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா," என்றான். கார் போகிற சத்தம் ஏரியோரம் வெகுதூரம் கேட்டது.

ஃபெர்கல் அவளிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவியை எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டினான்.

ஜனவரியில் ஏரியின் ஓரம் உறைந்தது. மண் இரும்பாகிவிட்டது. உள்ளான்கள் வேறு வழியில்லாமல் வீட்டு ஊற்றுக்கே வந்தன. தொழுவத்துக்குப் பின்னால் உறையாத சேற்றில் பட்டப்பகலில் அலகைக் குத்திக்கொண்டு நின்றன, ஆளைக் கண்டும் எழும்பாமல். எய்லிஷ் தொழுவத்துக்குச் சுற்றுவழியில் போனாள். எது யார் வீட்டுப் பறவை என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜார்லத் வரும்போதெல்லாம் ஃபெர்கல் அவர் வாயைப் பார்த்தான். ஜார்லத் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

ஒரு தடவை மட்டும் ஜன்னலை இறக்கி, "உன் அண்ணன் என்னமோ மரம் வெட்றான். தன் ஸ்ப்ரூஸ் காட்டுக்கு நடுவுல அங்கங்க ஓட்ட போடுறான். பைத்தியம் புடிச்சிடுச்சான்னு கேட்டேன், கீழ புல்லு மொளைக்க வெளிச்சம் வேணும்ங்கிறான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் எய்லிஷ் துணி எடுக்க வெளியே வந்தபோது மாலக்கியின் கார் வாசலில் நின்றது. அவன் பழைய வேலைச் சட்டையில் இருந்தான்.

"அவன் எங்க?"

"சுவரோரம் நிக்கிறான். சாப்பிட்டுப் போறீங்களா? உள்ளான் இல்ல. பேக்கனும் முட்டைக்கோசும்தான்."

"அது போதும்," என்றான். கையில் கார் சாவி. சாவிக்கொத்தில் மஞ்சளாக ஒன்று ஆடியது. அவன் சுவரை நோக்கி நடந்தான்.

துணிகளைக் கூடையில் போட்டுக்கொண்டே அவள் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றார்கள். டெஸ் அந்த இடத்தில் படுத்திருந்தது. பிர்ச் மரங்களுக்கு மேலே வானம் மங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கரகரப்பு, மெல்லிய கீச்சு. காட்டின் விளிம்பிலிருந்து பறவை வந்தது, அலகைத் தாழ்த்தி, அவசரமில்லாமல்.

மாலக்கியின் இரண்டு கைகளும், துப்பாக்கி பிடிக்கிறாற்போல், தாமாகத் தோளுக்கு உயர்ந்தன. வெறுங்கை. இடதுகை முன்னால் நீண்டு, பறவையோடு கூடவே நகர்ந்து, காட்டின் கோடிவரை போயிற்று. அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான். இறக்கினான்.

எய்லிஷ் உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். முட்டைக்கோஸ் ஆறத் தொடங்கியபோது ஃபெர்கல் மட்டும் வந்தான்.

"போச்சா?"

"ஒண்ணு போச்சு."

"அவர் எங்க?"

ஃபெர்கல் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "வரமாட்டேங்கிறான். இன்னொண்ணு வரும்னு நிக்கிறான்."

அவள் மாலக்கியின் தட்டை மூடி அடுப்பு மேல் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை.